புது வீடும் பழைய சுவரும்

வீட்டை அலங்கரித்தல் என்றதும், அது கையில் பணமுள்ளவர்களுக்கே உரியது என்று எண்ணி நம்மவர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். வேறு சிலரோ, சிறிது பணம் சேர்ந்த மாத்திரத்தே கடைவீதியில் கண்டவற்றையெல்லாம் வாங்கிக் கூடத்தில் நிரப்பி, அதுவே அலங்காரம் என மகிழ்ந்து போகின்றனர். நான் இவ்விரு வகையிலும் ஒவ்வொரு காலத்தில் இருந்தவள். ஆதலின் இதைப்பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டென்றே நினைக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மாத்தளைப் பகுதியின் றப்பர்த் தோட்டமொன்றில், 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு லயக் காம்பிராவில். ஐந்து பேர் உண்டதும் உறங்கியதும் அந்த ஓர் அறையில்தான். முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. அதன் ஒரு மூலையில் அடுப்பு. என் தாயார் அந்த அறையை வைத்திருந்த முறையை இன்று எண்ணினால் வியப்பாக இருக்கிறது. துணிகளுக்கு ஒரு கொடி, பாய்களுக்கு ஒரு பரண், தகரப் பெட்டிக்குக் கட்டிலின் அடி, சாமி படத்துக்குக் கிழக்குச் சுவரில் ஒரு பலகை. எப்பொருளும் தன்னிடம் விட்டு அகலாது. இருளில் கைநீட்டினாலும் தீப்பெட்டி அகப்படும்.

புகையேறிக் கறுத்த சுவரை மறைக்க, அம்மா ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன்னர் கோதுமை மாவில் பசை காய்ச்சிப் பழைய செய்தித்தாள்களை ஒட்டுவார்கள். எழுத்தறியாதவர்களாதலால் தாள்கள் சில நேராகவும் சில தலைகீழாகவும் இருக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது பெரும்பாலும் அந்தச் சுவரில்தான். பாயில் படுத்தபடியே தலைகீழான தலைப்புகளையும் படிக்கும் வித்தை எனக்குக் கைவந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசேதும் கிடைக்கவில்லை!

ஆண்டுகள் சென்றன. நான் ஆசிரியையானேன். மலையகத் தோட்டங்களில் இந்திய உதவியுடன் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடியில் கட்டப்பட்ட தனி வீடுகளை நேயர்கள் அறிவீர்கள். ஏறத்தாழ அதே அளவில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. இரண்டு படுக்கையறைகள், ஒரு கூடம், தனிக் குசினி. சாவி கைக்கு வந்த அன்றிரவு நான் உறங்கவில்லை. எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்ற கணக்கிலேயே பொழுது விடிந்தது.

அதன்பின் நான் செய்தவற்றை நாணத்தோடுதான் சொல்ல வேண்டும். கூடத்தின் மூன்று சுவர்களுக்கு மூன்று நிறம்: ரோசா, கிளிப்பச்சை, நீலம். தவணை முறையில் ஒரு சோபாத் தொகுதியும், அமுக்கிய மரத்தூள் பலகையாலான கண்ணாடி அலுமாரி ஒன்றும் வாங்கினேன். அலுமாரி நெடியது, வேறிடமின்மையால் கிழக்கு யன்னலில் பாதியை மறைத்து நின்றது. அதனுள் பிளாஸ்திக்குப் பூக்களும், யாரும் தேநீர் அருந்தாத கோப்பைகளும். சோபாவுக்கும் சுவருக்கும் இடையே ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்கலாம்.

மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களையும் காண உறவினர் வந்தனர். புதுவீட்டைக் காட்டும் ஆவலோடு அவர்களை அழைத்தேன். அனைவரும் கூடத்தை எட்டிப் பார்த்தனர், நன்றாயிருக்கிறது என்றனர், பின் ஒருவர்பின் ஒருவராய் வெளியே சென்று வாசற்படியில் அமர்ந்து உரையாடினர். அம்மாவும் அவர்களோடுதான். இரவில் அம்மா தமது படுக்கையறையை விட்டுக் குசினியில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

"ஏம்மா, கட்டில் இருக்க, இங்க ஏன்?"

"அங்க மூச்சு முட்டுது, புள்ள. ஒஞ் சாமானுகள ஒடச்சுப்புடுவேனோன்னு பயமாவும் இருக்கு."

நான் சினந்து ஏதோ சொல்லிவிட்டேன். அது இங்கே வேண்டாம்.

ஆண்டிறுதி மழை என் சினத்தைத் தணித்தது. மரத்தூள் பலகை ஈரத்தை உறிஞ்சினால் பொருமும். பொருமியது மீண்டும் சுருங்கிப் பழைய உருவை அடையாது. அலுமாரியின் அடித்தட்டு இட்லிபோல் உப்பி, கதவு மூட மறுத்தது. தவணையோ இன்னும் பாதி இருந்தது.

இந்நிலையில்தான் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலுவிகாரைக்குச் செல்ல நேர்ந்தது. 2015இல் மறைந்த ஈனா டி சில்வா அம்மையார் ஊர்ப் பெண்களைச் சேர்த்து பத்திக், தையல் முதலிய வேலைகளை வளர்த்த இடம் அது. அறுபதுகளில் கொழும்பில் அவருக்காகக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த முற்றம் வைத்த வீடு பெரும்புகழ் பெற்றது. பிற்காலத்தில் அவ்வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து, பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மீளக் கட்டினர் என்றால் அதன் மதிப்பை உணரலாம். பத்திக் வேலையில் துணியின்மேல் மெழுகு தோய்ந்த இடத்தில் சாயம் ஏறாது. அவ்வாறு விடுபட்ட இடமே பூவாகவும் கொடியாகவும் தோன்றுகிறது. எங்கே நிறம் தீட்டக்கூடாது என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே தொட்டியில் துணியை நனைக்க வேண்டும். என் கூடத்தில் நான் எதையும் விட்டுவைக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

மாத்தளைக்கு அணித்தே உள்ள ஹப்புவிதை அரக்கு வேலைக்குப் பேர்போனது. அரக்கைக் கரியனலில் இளக்கி, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நிறங்கூட்டி, நூலாக இழுத்து, கைத்தடியிலும் பெட்டியிலும் பதித்து, கட்டைவிரல் நகத்தால் நறுக்குவர். சிங்களத்தில் இதனை 'நியபொத்து வெட', அஃதாவது நகவேலை, என்பர். நம்மவரான ஆனந்த குமாரசுவாமி கண்டி நாட்டுக் கைவினைகளையெல்லாம் ஆராய்ந்து 1908இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அது அச்சேறிய கையச்சு இயந்திரம், ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொரிஸ் முன்பு பயன்படுத்தியது. பயனும் இல்லாத, அழகும் இல்லாத பொருளுக்கு வீட்டில் இடமில்லை என்று போதித்தவர் அந்த மொரிஸ். அந்த அளவுகோலை என் கண்ணாடி அலுமாரிக்கு வைத்துப் பார்த்தேன். அது இரண்டிலும் தோற்றது.

வீடு திரும்பியதும் கழிக்கத் தொடங்கினேன். சோபாவை வந்த விலைக்கு விற்றேன். அலுமாரியின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பலகையைத் தள்ளிவிட்டேன். மறைபட்டிருந்த யன்னல் வழியே காலை வெயில் கூடத்தின் நடுவரை வந்து விழுந்தது. அறை இருமடங்கு ஆனதுபோல் தோன்றியது. இதில் மாயமில்லை. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பித் தரும். அடர்ந்த நிறம் பெரும்பங்கை விழுங்கிவிடும். எனவே மூன்று சுவர்களை வெள்ளையாக்கி, யன்னலுக்கு எதிர்ச்சுவரை மட்டும் இளமஞ்சளாக்கினேன். தம்புள்ளைக் குகைகளில் ஓவியர்கள் பாறையின் மேடுபள்ளத்தைச் செதுக்கிச் சமமாக்காமல், அதன் வளைவிலேயே வண்ணத்தை ஓடவிட்டதால், கூரை விரித்த துணிபோல் காட்சி தருவதைப் பார்த்திருப்பீர்கள். என் சுவரிலும் கொத்தனார் விட்ட ஓர் அலை உண்டு. முன்பு அதை மறைக்கவே நாட்காட்டிகளை மாட்டியிருந்தேன். இப்போது அப்படியே விட்டேன்.

நடைவழிக்கு இரண்டரை அடி ஒதுக்கினேன். மரக்கதிரை இரண்டு, பாய் இரண்டு. தரையில் அமர்வோர் வீட்டில் படங்களை நின்றவர் கண்ணுக்கு மாட்டக்கூடாது. ஒரு சாண் தாழ்த்தினேன். அம்மாவின் பழைய நூற்சேலை ஒன்றை இரண்டாக வெட்டி யன்னலுக்குத் திரையாக்கினேன்.

ஆயினும் ஒரு தவறு மிச்சமிருந்தது. பெரிய விடுதிகளில் தேயிலைக் கூடைகளைச் சுவரில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருப்பதைப் படங்களில் கண்டிருந்தேன். அதே நினைவில், அம்மா முப்பது ஆண்டுகள் பால்வெட்டிய கத்தியையும், பால் வடிக்கும் சிரட்டைகள் மூன்றையும் மஞ்சட்சுவரில் வரிசையாக மாட்டினேன். மிகப் பொருத்தமாகவே இருந்தது. எனக்குப் பெருமிதம். மறுநாட் காலை சுவரில் ஆணிகள் மட்டுமே இருந்தன.

"எங்கேம்மா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்கள்: "விடியக்காத்தால நாலு மணிக்கு அட்டக் கடியில அதத் தூக்கிட்டுப் போனது நானு. வார போறவங்க பாத்து அழகா இருக்குங்கவா? எனக்கு அதப் பாத்துக்கிட்டுச் சோறு எறங்காது, புள்ள."

கத்தியைத் துணியில் சுற்றித் தமது தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எறியவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை. ஆணிகளைப் பிடுங்கிச் சுண்ணத்தால் அடைத்தேன். அவர்களது உழைப்பை நான் மதிப்பதாக எண்ணியதும் உண்மை. அவர்களைக் கேட்காமற் செய்ததும் உண்மை. ஓர் இல்லத்தின் அலங்காரத்தைப்பற்றி எத்தனையோ விதிகள் கூறலாம். அந்த வீட்டில் மிகுதியான பொழுதைக் கழிப்பவரிடம் கேட்டுத் தொடங்கும் விதியை நான் கடைசியாகக் கற்றேன்.

"அப்ப ஒங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

அம்மா கேட்டவை மூன்று: சாமிப் பலகை கிழக்குச் சுவருக்கு வரவேண்டும், கட்டிலை யன்னலோரம் நகர்த்த வேண்டும், குசினியில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தட்டு. மூன்றுக்கும் ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. அன்றிரவு அம்மா கட்டிலில் படுத்தார்கள்.

அடுத்த தைக்கு முன், பள்ளியிலிருந்து திரும்பியபோது வீட்டில் கோதுமைப் பசையின் வாசனை. குசினித் தட்டின் பின்புறச் சுவரில், எண்ணெய்க்கறை படாதிருக்க, அம்மா ஞாயிற்றுக்கிழமைத் தாளொன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சுவரைப்பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் முந்திக்கொண்டார்கள்:

"இது நேரா இருக்கா, புள்ள?"

தலைகீழாகத்தான் இருந்தது.

"நேராத்தாம்மா இருக்கு," என்றேன்.