இரண்டு திருப்பத்தூர், ஒரே ஒரு பார்சல்!

'உங்கள் பார்சல் திருப்பத்தூர் வந்து சேர்ந்துவிட்டது.'

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் செல்போனில் இந்த மெசேஜைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் அதே மெசேஜ்தான் இருந்தது. அது பொய்யும் இல்லை. பார்சல் திருப்பத்தூரில்தான் பத்திரமாக இருந்தது. என்ன ஒன்று... அது எங்கள் திருப்பத்தூர் இல்லை!

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் என்ற பெயரில் இரண்டு பெரிய ஊர்கள் இருக்கின்றன. ஒன்று வடக்கே, ஏலகிரி மலைக்குப் பக்கத்தில். இன்னொன்று தெற்கே, காரைக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில். என் அப்பத்தா இருப்பது தெற்கே. நான் அனுப்பிய பார்சல் போனது வடக்கே. இரண்டுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அந்தத் தூரத்தை ஒரே நாளில் பஸ்ஸில் கடந்த கதைதான் இது.

பெட்டிக்குள் இருந்தது காது மிஷின்

அப்பத்தாவுக்கு வயது 79. அப்பா, அம்மா, நான் மூவரும் சென்னையில் இருந்தாலும், "இந்த வீட்டை விட்டுட்டு வரமாட்டேன்" என்று ஊரிலேயே இருக்கிறார். இரண்டு காதும் சரியாகக் கேட்காது. காதில் மாட்டும் மிஷின் இருந்தால்தான் அவருக்கு உலகம். அது ரிப்பேர் ஆகிவிட, சென்னையில் கொடுத்துச் சரிசெய்து, ஒரு புதன்கிழமை காலை பார்சல் சர்வீஸில் அனுப்பினேன். அது எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம்.

முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதினேன். ஊர், மாவட்டம், பின்கோடு 630211... எல்லாம் சரி. ஒரே ஒரு தப்பு செய்தேன். 'பெறுபவர் போன் நம்பர்' என்ற இடத்தில் அப்பத்தாவின் நம்பரைக் கொடுத்தேன். காது கேட்காதவருக்குக் காது மிஷின் அனுப்பிவிட்டு, போனில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்!

சனிக்கிழமை டெலிவரிக்காரர் கூப்பிட்டிருக்கிறார். அப்பத்தா எடுத்திருக்கிறார். எதிர்முனையில் என்ன கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆமாப்பா, திருப்பத்தூர்தான். வாங்க!" அவரும் வந்திருப்பார். ஆனால், அந்தத் தெரு அந்த ஊரில் இருந்தால்தானே? அன்று மாலை எனக்கு மெசேஜ் வந்தது: 'முகவரி கண்டறிய இயலவில்லை.'

"மேடம், திருப்பத்தூர்லதான் இருக்கு!"

திங்கட்கிழமை கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு மூன்றை அழுத்தி, பதினெட்டு நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒரு குரல் வந்தது.

"மேடம், உங்க பார்சல் திருப்பத்தூர்ல இருக்கு."

"நானும் திருப்பத்தூர்னுதாங்க சொல்றேன். ஆனா வீட்டுக்கு வரலை."

"அட்ரஸ் தப்பா இருக்கலாம் மேடம்."

"அட்ரஸ் சரிங்க. எங்க அப்பத்தா அந்த வீட்டுல 55 வருஷமா இருக்காங்க."

புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. திரும்பப் புகார் செய்தேன். மறுநாளே திரும்பவும் 'தீர்க்கப்பட்டது'!

எனக்கு இங்கே எரிச்சல் மட்டும்தான். ஊரில் நடந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோதுதான் வயிற்றைக் கலக்கியது. குக்கர் விசில் கேட்காமல் இரண்டு தடவை பருப்பு அடிப்பிடித்திருக்கிறது. அதைவிட மோசம், யாராவது கதவைத் தட்டினால் கேட்காதே என்று, ராத்திரியில் தாழ்ப்பாள் போடாமலேயே தூங்கியிருக்கிறார் அப்பத்தா.

முதன்முதலாகக் கேட்கப்பட்ட கேள்வி

வெள்ளிக்கிழமை, அதாவது பத்தாவது நாள், என் செல்போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. பார்சல் ஆபீஸ் ஊழியர் ஒருவர் அப்பத்தா நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். அன்று போனை எடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. அவர் கேட்ட கேள்வி: "எந்தத் திருப்பத்தூரும்மா நீங்க?"

பத்து நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அக்காதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"பெட்டியை அனுப்பறதுக்கு எடுத்தேங்க. பின்கோடு 630-ன்னு இருக்கு. நம்மூரு 635 ஆச்சே, அதான் டவுட் வந்துச்சு" என்றார். "சிஸ்டத்துல போட்டா சென்னைக்குத் திரும்பிப் போய், அங்கேருந்து மறுபடி கிளம்பும். எத்தனை நாளாகும்னு என்னால சொல்ல முடியாது. நேர்ல வந்தா ஐ.டி. கார்டு பார்த்துட்டுக் கையில கொடுத்துடுவேன்."

மறுபடியும் அந்த மெசேஜ்களை நம்பும் தைரியம் எனக்கு இல்லை. சனிக்கிழமை லீவு சொன்னேன்.

வடக்குத் திருப்பத்தூர்

அதிகாலையில் சென்ட்ரலில் பெங்களூரு ரயிலைப் பிடித்தேன். காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஜோலார்பேட்டை. வெளியே வந்தால் ஏலகிரி மலை கண்ணெதிரே நிற்கிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே குளுகுளு ஊர். இன்னொரு நாள் வருகிறேன் என்று மலைக்கு டாட்டா காட்டிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். பத்து கிலோமீட்டர்கூட இருக்காது, திருப்பத்தூர் வந்துவிட்டது.

ஜவ்வாது மலை ஒரு பக்கம், ஏலகிரி ஒரு பக்கம் என்று மலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர் இது. அரசின் சந்தன மரக் கிடங்குக்குப் பேர் போனது. வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது, 2019 நவம்பர் 28 முதல் தனி மாவட்டத்தின் தலைநகரம். டீக்கடையில் பார்சல் ஆபீஸுக்கு வழி கேட்டபோது விஷயத்தைச் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்.

"ஓ... நீ மருதுபாண்டியர் திருப்பத்தூரா!"

எங்கள் ஊரை இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. வெள்ளையரை எதிர்த்து நின்ற மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. 1801 அக்டோபர் 24-ம் தேதி. அந்த நாளில் இன்றும் அங்கே அரசு விழா நடக்கும். தேவாரத்தில் எங்கள் ஊருக்குப் பெயர் திருப்புத்தூர். வால்மீகியும் புற்றும் சம்பந்தப்பட்ட கதை ஒன்று சொல்வார்கள். திருத்தளிநாதர் கோயிலில் யோக பைரவர் அமர்ந்திருக்கிறார். தேய்பிறை அஷ்டமிக்கு எங்கெங்கிருந்தோ வருவார்கள். அவர்களில் சிலராவது ஏலகிரிப் பக்கம் போய் இறங்கியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

இதில் எங்கள் ஆபீஸும் விதிவிலக்கு இல்லை. சட்டமன்றத் தொகுதிகளிலும் இரண்டு திருப்பத்தூர் உண்டு. டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த முதல் வாரமே சீனியர் சொன்ன பாடம்: "திருப்பத்தூர்னு செய்தி வந்தா, மாவட்டம் எதுன்னு கேட்காம பப்ளிஷ் பட்டனைத் தொடாதே!"

தப்பு எங்கே நடந்தது?

பார்சல் ஆபீஸில் அந்த ஊழியர் அண்ணன் பெட்டியைத் தனியாக ஒரு அலமாரியில் எடுத்து வைத்திருந்தார். என் கையெழுத்தும் 630211-ம் பளிச்சென்று தெரிந்தன. மேலே அச்சடித்து ஒட்டிய ஸ்டிக்கரில் 'திருப்பத்தூர்' மட்டும். பின்கோடு 635601.

"புக்கிங்ல ஊர் பேரை அடிச்சா லிஸ்ட் வரும். முதல்ல வர்றது எங்க ஊரு. அதைத் தட்டிட்டா பின்கோடும் தானா மாறிடும். அவசரத்துல யாரும் கீழே பார்க்கறதில்லை" என்றார். "உங்க ஊரு சாமான் அப்பப்போ இங்க வரும். நானும் ஆபீஸ்ல சொல்லிட்டுதான் இருக்கேன்."

இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் நம் நாட்டில் பின்கோடே வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள் என்று அஞ்சல் துறை திணறிய காலத்தில், ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் என்ற அதிகாரி இந்த ஆறு இலக்க முறையை உருவாக்கினார். நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15.

முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு இருக்கும் மண்டலம். இரண்டாவது எண் அதற்குள் ஒரு பகுதி. மூன்றாவது எண், தபால் பிரிக்கப்படும் மாவட்டம். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸ். இரண்டு திருப்பத்தூருக்கும் 63 வரை ஒன்றுதான். அடுத்த எண்ணில்தான் ஊர் பிரிகிறது. 630 என்றால் காரைக்குடி, சிவகங்கை. 635 என்றால் வாணியம்பாடி, கிருஷ்ணகிரி. 50 வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த தீர்வு அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. படித்த ஒருவர், அந்தப் பத்தாவது நாளில், என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

டீ வாங்கித் தருகிறேன் என்றேன். "பாட்டிக்குச் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்க" என்று பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டினார்.

தெற்குத் திருப்பத்தூர்

ஊத்தங்கரை வழியாகச் சேலம். சேலத்திலிருந்து திருச்சி பஸ். நாமக்கல் மலைக்கோட்டை ஜன்னலில் வந்து போனது. பெட்டியை மடியிலிருந்து கீழே வைக்கவே இல்லை. பக்கத்து சீட்டு அம்மா, "தங்கமா?" என்று கேட்டேவிட்டார். திருச்சியில் இருட்டிவிட்டது. புதுக்கோட்டை, திருமயம் தாண்டி எங்கள் ஊரில் இறங்கும்போது மணி பத்தரை.

வீட்டுக்கு நடக்கும்போது கணக்குப் போட்டேன். ஒரு விரல் லிஸ்ட்டில் தப்பான இடத்தைத் தட்டியது ஒரு நொடி. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு நாள். அப்பத்தாவுக்குப் பதினொரு நாள்.

நீங்களும் ஊருக்குப் பார்சல் அனுப்புகிறவராக இருந்தால், மூன்றே விஷயம் செய்யுங்கள். பின்கோடு உறுதியாகத் தெரியாவிட்டால் அஞ்சல் துறை இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ரசீதைக் கையில் வாங்கியதும், பணம் சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், அதில் அச்சாகியிருக்கும் பின்கோடு நீங்கள் எழுதியதுதானா என்று பாருங்கள். வயதானவர்களுக்கு அனுப்பினால், போனில் பேசக்கூடிய ஒருவரின் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். நான் இரண்டாவதைப் பார்க்கவில்லை, மூன்றாவதைச் செய்யவில்லை.

கதவைத் தட்டவில்லை. தள்ளினேன், திறந்துகொண்டது. லைட்டைப் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார் அப்பத்தா. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பெட்டியைப் பிரித்து, பேட்டரியைப் போட்டு, மிஷினைக் காதில் மாட்டிவிட்டேன். பதினொரு நாளாக வீடியோ காலில் கத்திக் கத்திப் பழகிய அதே குரலில் கேட்டேன்:

"அப்பத்தா! சாப்ட்டியா?"

திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"எதுக்குத்தா இப்புடிக் கத்துற? எனக்கென்ன காதா கேக்காது? போய் மொதல்ல கதவுக்குத் தாப்பாளப் போடு!"