தானத்தால் மீளாத பார்வை

கொழும்பு நகரிலே பஸ் வண்டியில் பிரயாணம் செய்வோர் 'கண்ணாஸ்பத்திரி' என்னும் சொல்லைக் கேளாதிருத்தல் அரிது. வோட் பிளேசும் யூனியன் பிளேசும் வந்து கூடும் அந்த இடத்திற்கு லிப்டன் சுற்றுவட்டம் என்றும் டி சொய்சா சுற்றுவட்டம் என்றும் பெரியோர் பெயர் சூட்டினர். ஆயினும் நடத்துநருக்கும் முச்சக்கர வண்டிக்காரருக்கும் அது என்றுமே கண்ணாஸ்பத்திரிச் சந்திதான். விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த செந்நிறக் கட்டடம் இன்றும் அச்சந்தியிலே நிற்கின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவரில் எத்தனை பேர் அதனைக் கடந்து நாள்தோறும் காரியாலயம் செல்கின்றனர்! நோய் வருமுன் அவ்வூரில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

கண் விஷயத்தில் இத்தீவுக்கு உலகிலே ஒரு தனிப் பெருமை உண்டு. 1958ஆம் ஆண்டில் ஹட்சன் சில்வா என்னும் இளைஞர், இறந்தபின் கண்களைத் தானம் செய்யுமாறு பத்திரிகை வாயிலாக மக்களை வேண்டினார். தம் தாயார் மறைந்தபோது அவ்வம்மையாரின் கண்ணை வறியவர் ஒருவருக்குப் பொருத்தித் தம் சொல்லைச் செயலாகவும் காட்டினார். 1961இல் கண்தானச் சங்கம் தோன்றியது. 1964இல் பனிக்கட்டி இட்ட சாதாரணத் தேர்மோஸ் போத்தலிலே சில கண்கள் சிங்கப்பூருக்கு விமானமேறின. அதன்பின் இலங்கையர் ஈந்த கண்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சென்றடைந்துள்ளன. கண்ணப்ப நாயனாரின் சரிதத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது புராணம் நேரில் வந்தது போன்ற செய்தியாகும்.

நிற்க. இத்தானத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. கண்ணையே முழுமையாக மாற்றிவிடலாம் என்று பலர் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தப்படுவது, கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடி போலக் கண்ணின் முன்புறத்தே அமைந்த தெளிந்த படலம் மாத்திரமே. அதன் பின்னேயுள்ள வில்லை புரை விழுந்து மங்கினால், அதனை நீக்கிச் செயற்கை வில்லை வைக்கலாம். ஆனால் கண்ணின் பின்புறத்தே, கண்ட காட்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் பார்வை நரம்பு இருக்கின்றதே, அது பட்டுப்போனால் ஹட்சன் சில்வாவின் தேர்மோஸ் போத்தலும் உதவாது. ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய இழைகளாலான அந்நரம்பில் அழிந்த இழை மறுபடி முளைப்பதில்லை.

எம் அயலிலே, வெள்ளவத்தையில், ஓய்வுபெற்ற அரசாங்க இலிகிதர் ஒருவர் இருக்கின்றார். காலை மாலை இரண்டு வேளையும் காலி வீதியில் உலாவுபவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு குறை கூறத் தொடங்கினார். இக்காலத்து இளைஞருக்கு மரியாதை இல்லையாம். சந்தையருகே நடைபாதையில் வேண்டுமென்றே வந்து தம் இடது தோளில் மோதுகின்றனராம். நாமும் அதனை ஆமோதித்தோம். இளைஞரைக் குறை கூறுவதில் யாருக்குத்தான் விருப்பமில்லை? பின்னர் ஒருநாள் ஒழுங்கையொன்றிலிருந்து வந்த முச்சக்கர வண்டி, அவர் சொல்லின்படி 'பூமியிலிருந்து முளைத்தாற் போல்' இடப்பக்கத்தே தோன்றி, மயிரிழையில் விலகிச் சென்றது. அதன் பின்னரே மகள் அவரைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள்.

வைத்தியர் கண்டது குளோக்கோமா என்னும் கண்ணழுத்த நோய். கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் இடையறாது சுரந்து, இடையறாது வடிந்துகொண்டிருக்கின்றது. வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகின்றது. பார்வை நரம்பு சிறுகச் சிறுக நசிகின்றது. பெரும்பாலானவர்க்கு வலியில்லை, சிவப்பில்லை, நீர் வடிதலும் இல்லை. பார்வை ஓரங்களிலே முதலில் தேய, நடுப்பார்வை கடைசிவரை கூர்மையாகவே இருக்கும். ஆதலால் நம் இலிகிதர் கடைசி நாள் வரையில் பத்திரிகையின் பொடி எழுத்தையும் தடையின்றி வாசித்தார். இடது கண்ணின் ஓரப்பார்வை பெரும்பகுதி போயிருந்தது. சாவித் துவாரத்தினூடாக உலகைப் பார்த்துக்கொண்டு, உலகந்தான் மோதுகின்றது என்று அவர் நினைத்திருந்தார்.

இதிலே நமக்கு வியப்பளித்தது யாதெனில், அவர் கண்ணைக் கவனியாதவர் அல்லர் என்பதே. இரண்டு ஆண்டுக்கொரு முறை தவறாது கடைக்குச் சென்று மூக்குக்கண்ணாடி மாற்றுபவர். சுவரிலே தொங்கும் எழுத்தட்டையைக் கடைசி வரி வரை ஒப்புவிப்பவர். ஹொல்லாந்து தேசத்து வைத்தியர் ஸ்னெல்லன் 1862இல் வகுத்த அவ்வட்டை மிகச் சிறந்த கருவியே; ஆனால் அது அளப்பது நடுப்பார்வையை மட்டுமே. கண்ணின் அழுத்தத்தை அளந்து, கண்மணியினூடாக நரம்பையும் விழித்திரையையும் நோக்குதல் வேறு காரியம். அழுத்தம் சாதாரண அளவில் இருக்கும்போதே நரம்பு நலிவதும் உண்டாதலின், இரண்டையும் பார்த்தல் வேண்டும். கண்ணாடி வாங்கியதைக் கண் பரிசோதித்ததாகக் கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களிலே ஆழ வேரூன்றியிருக்கின்றது. வெள்ளெழுத்து வரும் நாற்பதாம் பிராயத்தையே, முழுப் பரிசோதனைக்கும் உரிய பிராயமாகக் கொள்ளலாம். அரசாங்க வைத்தியசாலையிலே இதற்குக் கட்டணமில்லை. காத்திருக்க வேண்டும் என்பது மெய்தான். கலியாண வீட்டில் நாம் காத்திராத நேரமா?

கண் சிவந்தால் மருந்துக்கடையில் தாமாகவே துளிமருந்து வாங்கி விடுவோரும் நம்முள் உளர். அவற்றுட் சில ஸ்டெரொயிட் சேர்ந்தவை. சிவப்பு விரைவில் மாறுவதால் மகிழ்ந்து மாதக்கணக்கில் விட்டுவருவோர்க்கு, அதே மருந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடக் கூடும். அயல்வீட்டார் தரும் பாதிப் போத்தலுக்கும் இஃது பொருந்தும்.

நீரிழிவைப் பற்றிக் கூறாது விடுதல் இயலாது. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களிலே அந்நோய் நுழையாத வீடு எது? இரத்தத்திற் சீனி மிகுந்தால் விழித்திரையின் நுண்ணிய நாளங்கள் கசியவும் அடைபடவும் தொடங்கும். இங்கும் முதலில் பார்வை குறைவதில்லை. பார்வை குறைந்தபின் செய்யும் சிகிச்சையைவிடக் குறையுமுன் செய்யும் சிகிச்சையே பயன் மிகுந்தது. ஆதலால் நீரிழிவுள்ளோர், நன்றாகத் தெரிகின்றதே என்றிராது, ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுதல் வேண்டும். கண்மணி விரிய மருந்து விடுவர். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்க.

மாணவர்க்கு வருவோம். பாடசாலை விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் கைத்தொலைபேசி என்பது இன்றைய ஒழுங்கு. பிள்ளையின் கண் நாள் முழுதும் ஒரு முழத்துக்குள்ளேயே உழல்கின்றது. கிட்டப்பார்வை மிகுந்துவரக் கண்ட தைவான் நாடு, 2010இல் தன் பாடசாலைப் பிள்ளைகள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் திறந்த வெளியில் இருக்குமாறு திட்டம் வகுத்தது. பல்லாண்டுகளாக ஏறிவந்த தொகை அதன்பின் இறங்கத் தொடங்கியது. விளையாட்டைவிட வெளியுலகின் வெளிச்சமே முக்கிய காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். வெள்ளவத்தையார்க்குத் தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இருக்கின்றது. நெருங்கிய ஒழுங்கைகளையுடைய கொட்டாஞ்சேனையார்க்கு இது சற்றே கடினம்; மொட்டைமாடியாயினும் வானம் வானமே.

கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை தானாகச் சொல்லாது. எல்லோர்க்கும் அப்படித்தான் தெரியும் என்று அது நினைக்கும். ஒரு கண் மாத்திரம் மந்தமாயிருப்பின், ஏழெட்டு வயதுக்குள் கண்டால் சீர்செய்தல் எளிது, பிந்தினால் அரிது. பாடசாலையிற் சேர்க்குமுன் ஒருமுறை காட்டுதல் நன்று. பெண்பிள்ளைக்குக் கண்ணாடி அணிவித்தால் வரன் அமையாது என்று தயங்கும் தாய்மார் இன்னும் சிலர் இருப்பதை அறிவோம். அவர்களுடன் வாதாட எமக்கு விருப்பமில்லை. அப்பிள்ளையின் கணிதப் புள்ளிகளை ஒருமுறை பார்க்கட்டும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பொன்னாங்காணி, முருங்கையிலை, பப்பாசி, பூசணி, முட்டை இவை மாலைக்கண் வாராது காப்பன, கிட்டப்பார்வையை மாற்றமாட்டா. புகைத்தல் கண்புரையையும் விரைவில் வருவிக்கும். தீபாவளியன்று வெடிக்காத வெடியைக் குனிந்து பார்த்தல் ஒரு கணத்திலே கண்ணைக் கெடுக்கும். உலகிலே பார்வைக் குறைபாடுடையோர் குறைந்தது 220 கோடிப் பேர் என்றும், அவருள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கத்தக்கது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் கணக்கிட்டது.

நம் இலிகிதர் இன்று நாள் தவறாது துளிமருந்து விடுகின்றார். போனது போனதுதான், எஞ்சியது நிற்கின்றது. இந்நோய் உடன்பிறந்தோர்க்கும் பிள்ளைகட்கும் வரும் வாய்ப்பு மிகுதி என்று வைத்தியர் கூறியதனால், கொட்டாஞ்சேனையிலுள்ள தங்கைக்கு அன்றிரவே தொலைபேசியிற் சொன்னார். "அண்ணை, நான் இப்பவும் ஊசிக்கு நூல் கோர்க்கிறன், எனக்கென்ன கண் வருத்தம்?" என்று அம்மையார் சிரித்தார். மூன்று முறை வற்புறுத்திய பின்னரே போனார். இரு கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது. நரம்பு இன்னும் பெரிதாகக் கெடவில்லை. இப்பொழுது இரவுச் சாப்பாடு முடிந்ததும் பேத்தி வந்து மருந்து விடுகின்றாள். ரொறன்ரோவிலுள்ள தம்பியார் அடுத்த மாதத்துக்கு நாள் குறித்திருப்பதாகக் கடைசியாக அறிந்தோம்.