யட்டவத்தைக்கு ஒரு பயணமும் ஒரு கணக்கும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டியிலும் போகலாம். 1880ஆம் ஆண்டிலேயே அந்த இருப்புப் பாதை திறக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அன்று நாம் எமது பழைய பெற்றோற் காரிலேயே புறப்பட்டோம். யட்டவத்தை புகைவண்டி நிலையத்துக்கு அப்பால் தொலைவில் இருக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. அந்தக் காரை இன்னும் வைத்திருப்பதா, விற்றுவிட்டு மின்சாரக் கார் ஒன்று வாங்குவதா என்ற வினா எமது இல்லத்தில் ஆறு மாதமாக நடமாடிக்கொண்டிருந்தது. மூத்த மகள் பல்கலைக்கழகம் புகும் ஆண்டும் இதுவே. கையிலிருப்பதோ ஒரே சேமிப்பு. அதனை ஒருமுறைதான் செலவிட முடியும்.

இவ்விடயத்தில் எமக்கு வழிகாட்டக்கூடியவர் ஒருவர் யட்டவத்தையில் இருக்கிறார். எம்முடன் பல்லாண்டு ஒரே ஆசிரியர் அறையில் இருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அவர். மனைவியாருக்குச் சீதனமாக வந்த தோட்டத்தில் மிளகையும் கராம்பையும் பராமரித்துக்கொண்டு அமைதியாக வாழ்கிறார். நாம் அவரை அண்ணன் என்றே அழைப்பது வழக்கம். 2023ஆம் ஆண்டு முதல் மின்சாரக் கார் ஓட்டுகிறார். ஓட்டுவதோடு நில்லாமல், அதற்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாவையும் கொப்பியில் எழுதி வருகிறார். "நேரில் வந்து கொப்பியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் தம்பி" என்பது அவரது அழைப்பு.

அக்குறணையையும் அலவத்துகொடையையும் கடந்து, பலகடுவைக் கணவாயின் ஏற்றத்தில் எமது கார் வழமைபோல் மூச்சு வாங்கியது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கவே, ஓரமாக நிறுத்தி இயந்திர மூடியைத் திறந்து வைத்தோம். கால்மணி நேரம் மலையழகை இரசிக்கும் வாய்ப்பை இவ்வாறு பழைய கார்கள் நமக்கு இலவசமாக அளிக்கின்றன. இல்லத்தரசியார் இதனை வாய்ப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

கணவாயைத் தாண்டினால் மாத்தளைப் பள்ளத்தாக்கு. மின்சாரக் காரைப்பற்றி எண்ணிக்கொண்டு வந்த எமக்கு, கிழக்குப் புறமாக உக்குவளை இருப்பது நினைவுக்கு வந்தது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர்ச் சுரங்கத்தின் வழியே நீரைக் கொண்டுவந்து, 1976ஆம் ஆண்டு முதல் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளிவரும் அந்த நீர் சுது கங்கையோடு கலந்து வடக்கே வயல்களை நோக்கிச் செல்கிறது. பெற்றோலோ ஒவ்வொரு துளியும் கப்பலேறி வரவேண்டியது. இந்த வேற்றுமையின் பொருளை 2022இல் நாம் எல்லோரும் தெருவில் நின்று கற்றோம். நாட்டின் மின்சாரம் முழுவதும் நீரிலிருந்து வருவதன்று, நுரைச்சோலையில் நிலக்கரியும் எரிகிறது என்பதையும் இங்கே மறைக்காமற் சொல்லவேண்டும்.

மாத்தளையில் ஐந்து தேர்களுக்குப் புகழ்பெற்ற முத்துமாரியம்மன் சந்நிதியில் இறங்கி வணங்கினோம். பின் வடமேற்காகத் திரும்பும் கிளைப் பாதையைப் பிடித்தோம். சிங்களத்தில் 'யட்ட' என்பது கீழே. 'வத்த' என்பது தோட்டம். பெயருக்கேற்பத் தோட்டங்கள்தாம் இருபுறமும். பலாவும் தென்னையும் உயர்ந்து நிற்க, மிளகுக்கொடி அவற்றைப் பற்றி ஏறுகிறது. நிழலில் கொக்கோ மரங்கள் காய்களைத் தண்டிலேயே சுமந்து நிற்கின்றன. பாதை குறுகியது, வளைவுகள் மிகுந்தது. பேருந்துகள் நேரத்துக்கு வருவதாக எவரும் எமக்குச் சொல்லவில்லை. இவ்வூரில் வாகனம் என்பது ஆடம்பரமன்று என்பதை வீடு போய்ச் சேருமுன்பே உணர்ந்தோம்.

அண்ணனின் கார் தகரக் கொட்டிலின் கீழ் நின்றது. மதிய உணவுக்குப் பின், எம்மை அதிலேற்றி ஊரைச் சுற்றி வந்தார். ஓசையே இல்லை, ஏற்றத்தில் பதற்றமும் இல்லை. இறக்கத்தில் காலை எடுத்தவுடன், சக்கரங்களே மோட்டாரைச் சுழற்றி மின்கலத்துக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பதை முகப்பிலுள்ள அளவி காட்டியது. வேகத்தை மோட்டாரே தணிப்பதால் பிறேக் கட்டைகளும் விரைவில் தேய்வதில்லை. என்ஜின் ஒயில், ஒயில் வடிகட்டி, தீப்பொறிச் செருகி, கிளச் ஆகிய எவையும் இதற்கு இல்லை. "மூன்று ஆண்டில் இரண்டு ரயர், ஒரு சிறிய பன்னிரண்டு வோல்ற் பற்றறி, துடைப்பான் இறப்பர். இவ்வளவுதான் மாற்றினேன்" என்றார்.

பெண்களுக்கேற்ற வாகனம் என்று ஒருகாலத்தில் அமெரிக்காவில் மின்சாரக் காரைச் சொன்னார்கள். பெற்றோற் கார்களை இலட்சக்கணக்கில் செய்து விற்ற ஹென்றி போர்டின் மனைவியாரே டெற்ரோயிற் எலெக்ரிக் என்னும் மின்சாரக் காரில்தான் உலா வந்தாராம். இதைக் கேட்ட இல்லத்தரசியார் எம்மைப் பார்த்த பார்வையை இங்கு விவரியோம்.

பிறகு கொப்பி வந்தது. மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறார். அவருடைய முந்திய பெற்றோற் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் கொடுத்தது. அவ்வாறாயின் 67 லீற்றர். 2025இல் லீற்றர் 300 ரூபாவை ஒட்டி நின்றதால், மாதம் 20,000 ரூபா. மின்சாரக் கார் அதே தூரத்துக்கு 145 அலகு கேட்கிறது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது; மாதம் 180 அலகைக் கடந்தால் அதற்குமேல் ஒவ்வோர் அலகும் உச்ச விலை. எழுபது அலகில் அடங்கியிருந்த வீடு, கார் வந்ததும் அந்த உச்சப் படியை மிதிக்கிறது. நிலையான கட்டணமும் உயர்கிறது. ஆகவே அலகின் அடிவிலையைப் பெருக்கிப் பார்ப்பது பிழை. அண்ணன் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் கழித்தே கணக்கெடுத்தார்: ஏறத்தாழ 7,000 ரூபா. மாதம் 13,000 மிச்சம். பராமரிப்பில் மிஞ்சுவதையும் சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டு இலட்சம்.

"அப்படியானால் வாங்கவேண்டியதுதானே?" என்றோம்.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதில் ஒரே வரி: 'மின்கலம், 14 இலட்சம்.'

இதன் வரலாறு சிறிது நீளமானது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் நிசான் லீஃப் முதலிய மின்சாரக் கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தன. 2015 நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம் வரியை உயர்த்தியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. ஆகவே 2023இல் வாங்கப்போனவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே எட்டு ஆண்டு ஓடிய கார். மின்கலம் வெப்பத்திலும் வயதிலும் கொள்ளளவை இழப்பது. புதிதாக இருந்தபோது நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிய வண்டி, இப்போது முழுதாக நிரப்பினாலும் எழுபதைத் தாண்டுவதில்லை. கண்டிக்குப் போனால் அங்கே நிரப்பாமல் திரும்ப முடியாது. விற்றவர் மின்கலம் 'நல்ல நிலை' என்றாராம். மின்கலத்தின் ஆரோக்கியத்தைக் கருவி கொண்டு அளந்து பார்க்காமல் வாங்கியது தம் தவறு என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். பதினான்கு இலட்சத்தை ஆண்டுக்கு இரண்டு இலட்சமாகத் தீர்க்க ஏழு ஆண்டு வேண்டும்.

"பிறகேன் அண்ணன் இதை இன்னும் வைத்திருக்கிறீர்கள்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அண்ணியார்தான் சொன்னார். 2022ஆம் ஆண்டு, தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ஆயிற்று. விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. அண்ணன் மாத்தளையில் இரண்டு இரவு வரிசையிலே காரில் உறங்கினார். மூன்றாம் நாள் இங்கே அண்ணியாருக்கு மூச்சுத்திணறல். கார் மாத்தளையில், அவர் யட்டவத்தையில். அயலிலுள்ள சிங்களக் குடும்பத்தார் மிளகு காயவைக்கும் முற்றத்திலிருந்து ஓடிவந்து, தம் முச்சக்கரவண்டியில் மிஞ்சியிருந்த ஒரு போத்தல் பெற்றோலில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள்.

"அந்தப் போத்தலை எந்தப் பக்கத்தில் எழுதுவது தம்பி?" என்றார் அண்ணன்.

மின்சாரமும் அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் நின்றதே என்று நாம் நினைவூட்டினோம். "நின்றது, ஆனால் மிச்சம் பதினொரு மணி நேரம் வந்தது" என்பது அவர் மறுமொழி. கணித ஆசிரியரோடு வாதிட்டு வெல்வது அரிது.

திரும்பும் வழியில் மாத்தளையில் எம் பழைய மாணவர் ஒருவரின் வாகனத் திருத்தகத்தில் நிறுத்தினோம். "சேர், றேடியேற்றர் அடைத்துப்போய்விட்டது. அதையும் கிளச்சையும் மாற்றினால் இன்னும் ஐந்து வருடம் ஓடும், ஒன்றரை இலட்சத்துக்குள் முடிக்கலாம்" என்றார். மகள் தன் தொலைபேசியில் எமது கணக்கைப் போட்டாள். எம் வீட்டிலிருந்து கல்லூரிக்கு மூன்றே கிலோமீற்றர். மாதம் 300 கிலோமீற்றர் ஓடினால் அதிகம். மின்சாரக் கார் வாங்கினால் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு முக்கால் இலட்சம் மிஞ்சும். அவ்விகிதத்தில் ஒரு மின்கலத்தை மீட்கப் பதினெட்டு ஆண்டுக்கு மேற்செல்லும். நாள்தோறும் நூறு கிலோமீற்றர் ஓடுபவருக்கு இதே கணக்கு தலைகீழாகும். நிற்கும் கார் எதையும் மிச்சம் பிடித்துத் தராது.

றேடியேற்றரை மாற்றச் சொல்லிவிட்டோம். சேமிப்பு மகளின் படிப்புக்கு என்று முடிவாயிற்று. இல்லத்தரசியார் மறுப்புச் சொல்லவில்லை. அண்ணியார் கொடுத்தனுப்பிய மிளகுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் எப்போதும் ஐந்து லீற்றர் பெற்றோலாவது காரில் மிஞ்சியிருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.