ஆறு மணிக்கு ஒரு வணக்கம்

காலை ஆறு மணிக்கு முன்பே எங்கள் வீட்டில் வானொலி ஓடத் தொடங்கிவிடும். நேயர்கள் பாட்டுக்காகக் கேட்பார்கள். என் மனைவியும் அப்பாவும் நான் “வணக்கம்” சொல்வதற்காகக் கேட்பார்கள். அந்தக் குரல் வந்துவிட்டால், சுங்கை காடுட்டிலிருந்து கிளம்பியவன் கோலாலம்பூருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். அதன் பிறகுதான் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் ஏறும்.

வீட்டிலிருந்து வானொலி நிலையம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நாலேகாலுக்கெல்லாம் கிளம்ப வேண்டும். எங்கள் ஊரில் கொமுட்டர் ரயில் நிற்கிறது, ஆனால் என் நேரத்துக்கு ஒத்துவராது. இருக்கும் ஒரே கார், சிரம்பானில் தாதியாக ஷிப்ட் வேலை பார்க்கும் மனைவிக்கும் பாலர் பள்ளி போகும் மகளுக்கும் வேண்டும். எனக்கு மோட்டார்தான் வழி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் கிடையாது என்பதும் ஒரு காரணம்.

ஆறு வருடமாக ஓட்டியது ஒரு 110 சிசி கப்சாய். அதைக் குறை சொல்ல மனம் வராது. அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், பெரட்டுக்குப் போனதும் என்னைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டதும் ஒரு பழைய ஹோண்டா கப்பில்தான். ‘கப்’போடு சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்துதான் ‘கப்சாய்’ என்ற பெயரே வந்தது. தோட்டத்துச் செம்மண் சாலைக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை. நெடுஞ்சாலை வேறு சங்கதி.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், நீலாயைத் தாண்டியதும் பேய் மழை. பின்னால் வந்த லாரி என்னை ஒட்டிக் கடந்தது. சக்கரம் வாரி இறைத்த தண்ணீரில் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க வெள்ளை. அந்தப் புகைமூட்டத்திலிருந்து முன்னே விலகிவிடலாம் என்று முறுக்கினேன். ஏற்கெனவே முழுக்க முறுக்கித்தான் இருந்தது. வண்டியிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. எப்படியோ ஓரம் கட்டி, மோட்டாரோட்டிகள் ஒதுங்கும் கூரையடியில் போய் நின்றேன். கைத்தொலைபேசி பையில் நனைந்து உயிரை விட்டிருந்தது.

நிலையத்தில் சேரும்போது மணி ஆறு இருபத்தைந்து. அதுவரை ஒலிப்பதிவு செய்த பாடல்களை ஓடவிட்டிருந்தார்கள்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். மனைவி சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, “ஆறு மணிக்குப் பாட்டுதாங்க வந்துச்சு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் செய்தியில் எத்தனையோ முறை “மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர்” என்று வாசித்திருக்கிறேன். அன்று அந்தச் சோறு இறங்கவில்லை.

வண்டியை மாற்றுவது என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைக்காரர் ஒரு 150 சிசி மோட்டாரைக் காட்டி, அது தொடும் உச்ச வேகத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். நண்பன் 400 சிசி வாங்கச் சொன்னான். என்னிடம் இருப்பது பி2 உரிமம். அதற்கு 250 சிசிதான் எல்லை.

நான் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 140, வாரத்துக்கு 700, வருடத்துக்கு 30,000 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரத்துக்கு உச்ச வேகத்தால் ஒரு பயனும் இல்லை. 90-இல் போகும்போது இன்ஜின் கதறாமல் இருக்கிறதா, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முன்னால் காற்றுத் தடுப்பு வேண்டும். ஒரு மணி நேரம் நெஞ்சில் காற்று மோதினால் கழுத்தும் தோளும் ஓய்ந்து கவனம் சிதறிவிடும். கப்சாயின் டாங்கி நாலு லிட்டரைச் சுற்றித்தான் கொள்ளும். இருட்டில் தினமும் பெட்ரோலுக்கு நிற்காத அளவுக்குப் பெரிய டாங்கி வேண்டும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “எவ்வளவு ஓடும்னு கடைக்காரனே சொல்லிடுவான் தம்பி. எப்படி நிக்கும்னு நீ கேளு.”

90 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 25 மீட்டர். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் ஓடிவிடும். ஈரச் சாலையில் பதறிப்போய் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். ஏபிஎஸ் அந்தப் பூட்டை விடாமல் தடுக்கிறது. நம் நாட்டில் 2025 முதல், 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய ரக மோட்டார்களில் அது கட்டாயம். என் பழைய கப்சாயில் இல்லை.

கடைசியில் வாங்கியது பயன்படுத்திய ஒரு யமஹா எக்ஸ்மேக்ஸ் 250. ஏபிஎஸ் உண்டு, காற்றுத் தடுப்பு உண்டு, டாங்கி 13 லிட்டர். மழைக்கோட்டும் மாற்றுச் சட்டையும் இருக்கைக்கு அடியில் அடங்கிவிடுகின்றன. டயரும் காப்புறுதியும் கப்சாயைவிடச் செலவு வைக்கும். சமையலறையைப் பெரிதாக்க மனைவி சேர்த்திருந்த சீட்டுப் பணம்தான் முன்பணமானது. “சமையலறை எங்கயும் ஓடிப்போகாது” என்றாள்.

வாங்கி நாலு மாதமாகிறது. லாரி கடக்கும்போது உடல் விறைப்பதில்லை, நிலையத்தில் இறங்கும்போது தோள் வலிப்பதில்லை. ஆனாலும் நல்ல வண்டி வந்துவிட்டதால் மழை பயந்து ஓடிவிடாது. அதனால் வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மழை கொட்டினால் நான் ஒதுங்கி நின்றுவிடுவேன். நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கச் சக அறிவிப்பாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கைத்தொலைபேசிக்கு நீர் புகாத உறையும் வாங்கியாயிற்று.

போன வாரம் அப்படி ஒரு மழை. காஜாங் பக்கம் ஒதுங்கி நின்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன். ஆறு மணிக்கு வேறு குரல்தான் வந்தது. மனைவியிடமிருந்து பதில் வந்தது: “நில்லுங்க. அப்பாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்துட்டேன்.”