பனைமரத்தை எண்ணி நிலாவைப் பிடி!

எங்க மானாம்பதி ஸ்டாப்புல காலேஜ் பஸ் டைம் 8.05. அன்னிக்கு இன்டர்னல் டெஸ்ட் வேற. ஓடி வந்து மொபைலைப் பார்த்தா 8.05. பஸ்ஸோட முதுகுதான் தெரிஞ்சது! மறுநாள் கண்டக்டர் அண்ணன்கிட்ட சண்டைக்குப் போனா, "8.05-க்குத்தான் தம்பி எடுத்தோம்" என்றார். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள நடந்தது எங்க கடிகாரங்களுக்குத் தெரியலை, அவ்ளோதான்!

செமஸ்டர் லீவுல ஊட்டி போனப்போ, இதே பஞ்சாயத்தைத் தீர்த்து வெச்சிருக்கிற ஓர் இடத்தை ஃபிசிக்ஸ் நண்பன் காட்டினான். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம். 2,200 மீட்டர் உயரத்துல, 8 மீட்டருக்கு ஒண்ணா சுமார் 400 டிடெக்டர்கள். விண்வெளியிலிருந்து வர்ற காஸ்மிக் கதிர் காற்றில் மோதி, துகள் மழையாக் கொட்டும். நேர் மேலேருந்து வந்தா எல்லா டிடெக்டரும் ஒரே நேரத்துல நனையும். சாய்ஞ்சு வந்தா ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். அந்த வித்தியாசம்தான் திசையைச் சொல்லும். ஒரு டிகிரி சாய்வுக்கு, பக்கத்துப் பக்கத்து டிடெக்டருக்குள்ள அரை நானோ செகண்டுகூட வராது!

நேரம் அளக்க அங்கே பயன்பட்டது, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் வடிவமைச்ச சிப். அதோட கடிகாரமோ 25 நானோ செகண்டுக்கு ஒரு தடவைதான் துடிக்கும். என் மொபைல் கதையேதான்! இங்கதான் இன்டர்போலேட்டர் என்ட்ரி.

எங்க ஏரிக்கரையில சம இடைவெளியில 32 பனைமரம் நிக்குதுன்னு வெச்சுக்கங்க. நிமிஷத்துக்கு ஒரு பையன் முதல் மரத்துலேருந்து ஓடறான். அடுத்த நிமிஷம் பிறக்கும்போது கடைசி மரத்துல இருக்கணும். பஸ் கிளம்பின கணத்துல அவன் எந்த மரத்துக்கிட்டன்னு பார்த்தா, நிமிஷத்தின் துண்டு கிடைச்சுடும். வெயில்ல பையன் சோர்ந்தா? அவன் வேகத்தைச் சரிபண்ண ஒரு சூப்பர்வைசர் சர்க்யூட்டும் உண்டு. சிப் தன் துடிப்பை முதல்ல 8 மடங்கு வேகமாக்கி, ஒவ்வொண்ணையும் 32 ஆப் பிரிக்குது. மொத்தம் 256 துண்டு. ஒரு துண்டு சுமார் 0.1 நானோ செகண்ட்.

எதுக்கு இவ்ளோ மெனக்கெடல்? வானத்துல நிலாவோட அகலமே அரை டிகிரிதான். நிலா மறைக்கிற திசையில கதிர்கள் கொஞ்சம் குறையும். அந்த 'நிலா நிழலை'ப் பிடிச்சுத்தான், தங்க திசைக்கணக்கு சரியான்னு கிரேப்ஸ்-3 விஞ்ஞானிகள் சோதிச்சாங்க. நேரம் பிசகினா நிழல் கலைஞ்சே போயிடும்.

நான் இப்பல்லாம் 8 மணிக்கே ஸ்டாப்புல ஆஜர். நம்மகிட்ட ஏது பாஸ் இன்டர்போலேட்டர்!