தவணை கடந்த நூல்

நியூயார்க் சொசைட்டி நூலகத்தின் பழைய இரவல் பதிவேட்டில், 1789ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாளுக்குரிய பகுதியில், இரண்டு நூல்களின் பெயர்கள் உள்ளன. எடுத்துச் சென்றவரின் பெயர் இல்லை. ‘குடியரசுத் தலைவர்’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. அவர் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன். அடுத்த மாதமே திரும்பியிருக்க வேண்டிய நூல்கள் திரும்பவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து இச்செய்தி ஊரறிய வெளிவந்தபோது, தாமதத்திற்கான தண்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 3,00,000 டாலர் வந்தது. நூலகம் அத்தொகையைக் கேட்கவில்லை. நூல் கிடைத்தால் போதும் என்றது. 2010இல், வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் இல்லத்தைப் பேணுவோர், பன்னாட்டுச் சட்டம் பற்றிய அந்நூலின் அதே பதிப்பில் வேறொரு படியைத் தேடி வாங்கி ஒப்படைத்தார்கள். அவ்வளவில் அந்நூலின் கணக்குத் தீர்ந்தது.

குடியரசுத் தலைவரின் தாமதம் என்பதால் அது சிரிப்போடு முடிந்தது. எளிய மாணவர் ஒருவரின் தாமதம் அப்படி முடிவதில்லை. நூலின் உள்ளட்டையில் ஒட்டிய தாளில் முத்திரையிட்ட தேதி கடந்துவிட்டது என்று அறிந்ததும் அவர் முதலில் நினைப்பது தண்டத்தைத்தான். ஒரு நாள் போகிறது. பிறகு ஒரு வாரம். தொகை ஏற ஏற நூலகம் இருக்கும் தெருவழியே போகவும் கால் கூசுகிறது. இறுதியில் நூலும் திரும்புவதில்லை, வாசகரும் திரும்புவதில்லை. தண்டம் நியாயமானதா மிகையானதா என்று கேட்போர், அது எதை மீட்பதற்காக விதிக்கப்பட்டதோ அதை மீட்டுத் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தண்டம் வேண்டும் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நூலகத்து நூல் ஊர்ப் பணத்தில் வாங்கியது. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியில், தமிழ்நாட்டில் இன்று சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வாங்கப்படுகிறது. நூலகப் படியை ஒருநாளும் மிதிக்காதவரும் அதைச் செலுத்துகிறார். அப்பணத்தில் வாங்கிய நூலைத் தம் வீட்டு அலமாரியில் முடக்கி வைப்பது ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு வேலி போடுவதற்கு ஒப்பாகும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பலர் நம்பியிருக்கும் ஒரு நூலுக்குக் கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒரு படியே இருக்கும். அது ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தால், புதிதாக வாங்க இயலாத இன்னொருவர் அதைப் படிக்காமலேயே தேர்வுக்குப் போவார். தாமதம் செய்பவருக்கு அந்த இன்னொருவரின் முகம் தெரியாது. தெரியாத அந்த முகத்தை நினைவூட்டத்தான் தண்டம் ஏற்பட்டது.

ஆனால், அது நினைவூட்டுகிறதா? இசுரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது. மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் சிலர் தாமதமாக வந்தனர். அதைத் தடுக்க ஆறு காப்பகங்களில் சிறு தண்டம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இருமடங்காயிற்று. தண்டத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை மீளவில்லை. அதுவரை, ஆசிரியை காத்திருப்பாரே என்னும் கூச்சம் பெற்றோரை விரட்டியது. பணம் கட்டத் தொடங்கியதும் தாமதம் ஒரு விலைப்பொருளாகிவிட்டது. விலை கொடுத்தாயிற்று, பிறகு கூச்சம் எதற்கு? 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆய்வு நூலகத்தைப் பற்றியது அன்று. எனினும் நூலக மேசைக்கும் பொருந்துவதாகவே தோன்றுகிறது. வசதியுள்ளவருக்குத் தண்டம் சில்லறை வாடகை. அதைச் செலுத்தி நூலை இன்னும் ஒரு மாதம் நிம்மதியாக வைத்துக்கொள்வார். வசதியில்லாதவரைத்தான் அது வாசலிலேயே நிறுத்துகிறது.

நியூயார்க்கின் பொது நூலகம் இதற்குக் கண்கூடான சான்று. அங்கு ஒரு நூலுக்கு நாளொன்றுக்கு 25 சென்ட் தண்டம். பாக்கி 15 டாலரை எட்டினால் உறுப்பினர் அட்டை முடங்கும். ஒரு நூல் என்றால் அதற்கு அறுபது நாள் ஆகும். ஒரு தாய் தம் பிள்ளைகளுக்காக மூன்று நூல்கள் எடுத்திருந்தால் இருபது நாள் போதும்; வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால் இருபது நாள் போவதே தெரியாது. இவ்வாறு முடங்கிய அட்டைகள் அந்நகரில் ஏறத்தாழ 4,00,000 இருந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை வசதி குறைந்த பகுதிகளில் வாழ்ந்தோருடையவை. நூலகம் எவருக்கு மிகுதியும் தேவையோ அவருக்கே அது மூடப்பட்டிருந்தது. 2021 அக்டோபர் 5ஆம் நாள் நியூயார்க் இந்தத் தண்டத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 2019இல், அயர்லாந்தின் பொது நூலகங்களும் சிகாகோ நகர நூலகமும் அதைச் செய்திருந்தன. சிகாகோவில் முதல் மூன்று வாரங்களுக்குள் திரும்பி வந்த நூல்களின் எண்ணிக்கை 240 விழுக்காடு கூடியதாகச் செய்தி வந்தது.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் இச்செய்திகளைக் கேட்டு வியந்திருக்க மாட்டார். 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகள், உரிய நூலும் உரிய வாசகரும் ஒன்றையொன்று கண்டடைவதையே நூலகத்தின் வேலையாகக் கொண்டவை. அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு நூல்களை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. வாசகரைத் தேடி வண்டி கட்டிய ஊரில், வந்த வாசகரைச் சில ரூபாய்க்காகத் திருப்பி அனுப்புவது பொருந்தாத செயல்.

தாமதம் ஒன்று, இழப்பு வேறு. நூலைத் தொலைத்தவர் அதற்கு ஈடு செய்தே தீர வேண்டும். தண்டத்தைக் கைவிட்ட நியூயார்க்கும் தொலைந்த நூலுக்குரிய விலையைக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால், ஈட்டை எப்படி அளப்பது? விலையைப்போல் இருமடங்கு, மும்மடங்கு என்பது சில நூலகங்களின் விதி. ஆயிரம் ரூபாய் மருத்துவ நூலைப் பேருந்தில் தவறவிட்ட கூலித் தொழிலாளியின் மகள் மூவாயிரம் கட்ட வேண்டும். அது அவள் தந்தையின் பல நாள் கூலி. மறுபதிப்பே காணாத ஒரு பழந்தமிழ் நூலின் முதற்பதிப்பில் ‘விலை ரூபாய் இரண்டு’ என்று அச்சிட்டிருந்தால், அதைத் தொலைத்தவர் ஆறு ரூபாயோடு தப்பிவிடுவார். ஒரே விதி ஓரிடத்தில் கொடுமையாகவும் மற்றோரிடத்தில் வேடிக்கையாகவும் ஆகிறது. அதே நூலின் வேறு படியைத் தேடிக் கொடுங்கள் என்று கேட்பது நேர்மையானது. அதற்கும் இயலாதவரிடம் சில மாலைகள் அலமாரிகளை அடுக்கித் தரச் சொல்லலாம். அது தாழ்வும் அன்று.

எவ்வகையிலும் ஏற்க முடியாத தண்டம் ஒன்று உண்டு. ஒற்றை நூல் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக மாற்றுச் சான்றிதழையோ தேர்வுக்கூட நுழைவுச் சீட்டையோ தராமல் நிறுத்தி வைப்பதுதான் அது. நூறு ரூபாய் நூலுக்காக ஒரு மாணவரின் ஓராண்டைப் பிணையாகப் பிடிப்பதற்கு நிருவாக வசதி என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வதற்கில்லை. நினைவூட்டுக் கடிதம், தொலைபேசி அழைப்பு, தண்டமின்றி நூலைத் திருப்பித் தர ஒரு வாரச் சலுகை ஆகியவற்றையெல்லாம் முயன்று பார்க்காமலேயே அந்தக் கடைசிப் படிக்குத் தாவுகிறார்கள்.

நியூயார்க்கில் தண்டம் நீங்கிய சில மாதங்களில், நகரின் மூன்று பகுதிகளில் மட்டும் 21,000க்கும் மேற்பட்ட நூல்களும் பிற பொருள்களும் திரும்பி வந்தன. சில அஞ்சலில் வந்தன. வருத்தம் தெரிவிக்கும் குறிப்புகளும் சிலவற்றோடு இருந்தன. அவற்றுள் மிகப் பழைய சில நூல்கள் நூலகத்தின் பட்டியலிலேயே இல்லை. அவை இனி வாரா என்று நூலகம் எப்போதோ முடிவு கட்டியிருந்தது.