கழுத்துப் பட்டையும் கைக்கயிறும்

பி.காம்., பி.பி.ஏ. படிப்பவர்களுக்குச் சமூக உளவியல் பெரும்பாலும் தனிப் பாடமாக வருவதில்லை. நிறுவன நடத்தையியல் என்ற தாளுக்குள் ஒரு யூனிட்டாக ஒளிந்துகொண்டு வரும். குழு என்றால் என்ன, மனப்பான்மையை வரையறு... மனப்பாடம் செய்து எழுதிவிட்டு விழுப்புரத்தில் பஸ் ஏறினால், விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் எல்லாம் மறந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மறந்துபோன அந்தப் பாடம் பஸ்ஸுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும். திண்டிவனம் போகிற கூட்டத்தில் ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார். அவருக்கு முன்னால் ஏறியவர் நின்றுகொண்டே வருகிறார், துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருவதில்லை. எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டால் ஒரு துண்டுக்குக்கூட அதிகாரம் வந்துவிடுகிறது. வகுப்பில் இதை வரையறையாகச் சொன்னால் கொட்டாவி வரும். செய்து காட்டினால் வராது.

சாலமன் ஆஷ் 1951ல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல உதாரணம். செலவு ஒரு சாக்பீஸ்தான். போர்டில் ஒரு கோடு, பக்கத்தில் வெவ்வேறு நீளத்தில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டுக்குச் சமம்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆறு பேரிடம் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லி, தவறான கோட்டை வரிசையாகக் காட்டச் சொல்லிவிடுகிறீர்கள். விஷயம் தெரியாத ஏழாவது ஆள் என்ன செய்வார்? ஆஷிடம் வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், ஏழாவது ஆளுக்குத் தைரியம் வந்து தவறுகள் மளமளவென்று குறைந்துவிட்டன.

விளையாட்டு முடிந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏழாவது ஆள் அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். அந்த ஆறு பேரும் எழுத வேண்டும், பொய் சொல்லும்போது அவர்களுக்கு எப்படி இருந்தது என்று. எழுதாமல் விட்டால் அது வெறும் கலாய்ப்பு.

இதைவிடப் பெயர் பெற்ற பயிற்சி ஒன்று உண்டு. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ல் கொல்லப்பட்டார். மறுநாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சின்ன ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறம் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது. அடுத்த முறை அப்படியே தலைகீழ். 1970ல் இதே பயிற்சியைப் படம் பிடித்தபோது தாழ்ந்தவர்களின் கழுத்தில் துணிப்பட்டை இருந்தது. பட்டை போட்டிருந்த அன்று அட்டைகளைப் படித்து முடிக்க ஐந்தரை நிமிடம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள், பட்டையைக் கழற்றிய மறுநாள் இரண்டரை நிமிடத்தில் முடித்தார்கள். அதே பிள்ளைகள், அதே மூளை!

இதை விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு வகுப்பில் செய்து பார்த்தால் என்ன? செய்யக்கூடாது என்றே தோன்றுகிறது. அங்கே பட்டை ஆசிரியை கட்டியது, அவரே கழற்றிவிட்டார். இங்கே பிள்ளைகள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறார்கள். தமிழ்நாட்டின் சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டி வருவதைப் பற்றி 2019ல் கல்வித் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

அது தென்மாவட்டக் கதை என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. 1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியைச் சேர்ந்த 12 தலித்துகள் கலவரத்தில் கொல்லப்பட்டார்கள். 2023ல் பக்கத்திலேயே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு, யார் உள்ளே போகலாம் என்ற தகராறில் சீல் வைத்தார்கள். இந்த ஊர்களின் கல்லூரி பெஞ்சுகளில் உட்காருவது அந்தத் தெருக்களின் பிள்ளைகள்தான். கையில் கயிறு இல்லாமலிருக்கலாம், ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சொன்னாலே போதுமே.

அதனால் இங்கே சுயபரிசோதனைக்கு வேறு வழி தேவை. எமரி பொகார்டஸ் 1925ல் சமூக இடைவெளியை அளக்க ஒரு படிவரிசை கொடுத்தார். நம்மூருக்கு அதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: பஸ்ஸில் பக்கத்து சீட், ஒரே பெஞ்ச், டிபன் பாக்ஸில் கை வைப்பது, வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவது, நம் தெருவில் வாடகைக்குக் குடிவருவது, கல்யாணம். வேறு சாதி நண்பர் ஒருவரை மனதில் நினைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும். பேனா எந்தப் படியில் தயங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தயங்கியது தானா, அப்பா அம்மாவை நினைத்தா என்று பக்கத்திலேயே ஒரு வரி.

இந்தத் தாளை ஆசிரியர் வாங்கவே கூடாது. பெயர் எழுதாவிட்டாலும் 60 பேர் வகுப்பில் கையெழுத்து தெரியாதா என்ன? ரைஸ்வில்லில் பிள்ளைகள் எழுதியவை உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தன, பிறகு ஊரே எலியட்டை ஒதுக்கியது. இங்கே அடி வாங்கப்போவது ஆசிரியர் அல்ல, உண்மையை எழுதிய மாணவர்.

அகர வரிசை இருக்கை மட்டும் போதுமா? கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே சொல்லிவிட்டார்: பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வெறுப்பு குறையாது. சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்கிற வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு எல்லாம் வேண்டும். இதை வகுப்பறையில் செய்து காட்டியவர் எலியட் ஆரன்சன் (இவர் வேறு எலியட்). 1971ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டு அடிதடி நடந்த நேரம். பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அடுத்தவர் சொல்லிக்கொடுத்தால்தான் முழுப் பாடமும் தெரியும்.

இது நம் பிள்ளைகளுக்கு ரொம்பப் புதிதும் அல்ல. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில், இன்று கல்லூரியில் இருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்தவர்கள். ஆறாம் வகுப்பில் பெஞ்ச் வந்தது, வட்டம் போனது.

வணிகவியல் வகுப்பில் கூட்டாண்மைக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் குழு, அகர வரிசைப்படி. ஒருவருக்குக் கூட்டாளி சேர்ப்பு, ஒருவருக்கு விலகல், ஒருவருக்கு இறப்பு, ஒருவருக்கு மறுமதிப்பீடு, ஒருவருக்கு நற்பெயர். அவரவர் பகுதியை மட்டும் படித்துவிட்டு வந்து மற்ற நாலு பேருக்கும் சொல்லித் தர வேண்டும். நற்பெயர் யாரிடம் இருக்கிறதோ அவர் எந்தத் தெருவாக இருந்தாலும், பேசும்போது மற்றவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். மறுநாள் டெஸ்ட்.